பாறையின் பங்கு

அத்தியாயம் ஏழு

குற்றம் செய்தவன் ஓடி ஒளிந்தால் போலீசுக்கு வேலை. செய்ததாக எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டு, குற்றாலத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டால் அது மாடத்திக்கு வேலை.

மாடத்தி சைபர் கிரைமில் ஏட்டாக இருந்தவள். மேலதிகாரியிடம் மனதில் பட்டதை அப்படியே சொல்லிவிடுகிற வியாதி இருந்ததால் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, தென்காசி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியறையில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறாள். உதவியாளன் யஹ்யா துபாயில் லிஃப்ட் பழுது பார்த்தவன். ஊருக்குத் திரும்பியதும் இங்கே லிஃப்ட்டே இல்லை என்று கண்டுபிடித்தான். அவன் கண்டுபிடித்த ஒரே விஷயம் அதுதான் என்று மாடத்தி எல்லாரிடமும் சொல்வாள்.

யஹ்யாவின் பழைய ஆம்னி வேன் மேலகரத்தைத் தாண்டியபோது சாரல் பிடித்துக்கொண்டது. பின் சீட்டில் நிலோபர் மடியில் ஒரு ஹார்ட் டிஸ்க்கை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். குத்துக்கல்வலசைப் பெண். திருநெல்வேலிப் பக்கம் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள். காலையிலிருந்து அவள் எதுவும் சாப்பிடவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"இன்னொரு தடவ சொல்லும்மா," என்றாள் மாடத்தி. "யஹ்யாவுக்குப் புரியுத மாதிரி."

"ஏட்டம்மாவுக்குப் புரியலன்னா என் பேரச் சொல்லுவாங்க," என்றான் யஹ்யா, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

நிலோபர் சொன்னாள். உடம்பிலுள்ள ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் ஒரு சவ்வு. அது கொழுப்பு மூலக்கூறுகளால் ஆனது. லிப்பிட் என்று பெயர். மேல் அடுக்கு ஒன்று, கீழ் அடுக்கு ஒன்று, இரண்டும் வாலோடு வால் ஒட்டி நிற்கும். அந்த இரண்டு அடுக்கையும் துளைத்துக்கொண்டு நடுவில் ஒரு புரோட்டீன் நிற்கும். இத்தனையையும் கம்ப்யூட்டருக்குள் ஒரு பெட்டியில் போட்டு, ஒவ்வொரு அணுவும் நொடிக்கு நொடி எப்படி ஆடுகிறது என்று ஓட்டிப் பார்ப்பதுதான் அவள் வேலை.

"அதுல ஒரு லிப்பிட்டுக்கு எவ்வளவு எடம் கெடைக்குன்னு ஒரு கணக்கு இருக்கு அக்கா. எனக்கு எழுபத்தொண்ணு வந்துச்சு. வெறும் சவ்வுல அறுபத்து மூணுதான் வரும். அப்படின்னா இந்தப் புரோட்டீன் வந்து நின்னா லிப்பிட்டெல்லாம் அகண்டு நிக்கி, அந்தச் சந்து வழியா மருந்து உள்ள போவும். அதான் என் கண்டுபிடிப்பு. போன மாசம் பேப்பரா வந்துட்டு."

"அப்புறம்?"

"திருவனந்தபுரத்துல ஒரு குழு எங்களோட சேந்து வேல பாக்காங்க. ஃபைல் ரொம்பப் பெருசு, நெட்டுல அனுப்ப முடியாது. டிஸ்க்குல போட்டு ரிஃபாத் கைல குடுத்து விட்டோம். அவங்க கணக்குப் போட்டா அறுபத்து மூணு வருது. லேப்ல இருந்த காப்பிய எடம் பத்தலன்னு அழிச்சாச்சு. இது ஒண்ணுதான் மிச்சம், காலையிலதான் அங்கேருந்து திரும்பி வந்துச்சு, நான் இன்னும் தொறக்கல."

"ஒண்ணு, நீ பொய் சொல்லணும். இல்லன்னா டிஸ்க்குல இருந்தத வழியில யாரோ மாத்திருக்கணும்," என்றாள் மாடத்தி.

"நான் பொய் சொல்லல." நிலோபர் டிஸ்க்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "ரிஃபாத் என் சாச்சி மவன், தம்பி மொற. நான்தான் அவன அந்த லேப்ல சேத்து விட்டேன். போற வழியில ஒரு ராத்திரி குற்றாலத்துல ஒரு லாட்ஜுல தங்கியிருக்கான். விசாரணைன்னு கூப்புட்டதும், நான்தான் ஃபைல மாத்துனேன்னு எழுதிக் குடுத்துட்டு அதே லாட்ஜுல வந்து கெடக்கான். இன்னைக்கு மத்தியானம் கமிட்டி கூடுது. அவன் சீட்டு போயிரும். சவூதியில இருக்க சாச்சாவுக்கு இன்னும் யாரும் சொல்லல."

"நீ என்ன நெனைக்க?"

"அந்த லாட்ஜுல வேற எவனோ டிஸ்க்க எடுத்து மாத்திருக்கான். ரிஃபாத் செய்ய மாட்டான்."

யஹ்யா கியரை மாற்றினான். "குற்றாலத்துல துண்டு களவு போவும், செருப்பு களவு போவும். கொழுப்பக் களவாண்டவன இப்பதான் கேள்விப்படுதேன். அவன்கிட்ட என் வயித்தக் காட்டணும்."

நிலோபர் சிரிக்கவில்லை. மாடத்தி அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள்.

லாட்ஜ் ஐந்தருவிப் பாதையில் மலையோடு ஒட்டி இருந்தது. கட்டும்போது குறுக்கே நின்ற பாறையை உடைக்க முடியாமல், அதைச் சுற்றியே சுவர் எழுப்பிவிட்டார்கள். கீழ் ஹாலின் நடுவே யானை படுத்த மாதிரி ஒரு கரும்பாறை. அது கூரையைத் துளைத்துக்கொண்டு மேல் ஹாலுக்கும் போய், அங்கே மெலிந்து நின்றது. சீசனில் அறை கிடைக்காதவர்களுக்கு இரண்டு ஹாலிலும் பாய் போட்டு வாடகைக்கு விடுகிறார் மேனேஜர் வல்லிநாயகம்.

"ரெண்டு பாய் போடட்டா அண்ணாச்சி?" என்றார் யஹ்யாவைப் பார்த்து. "தாராளமாப் பொரளலாம். ஹாலோட நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி, பாயோட எண்ணிக்கையால வகுத்துப் பாருங்க. ஆளுக்கு எவ்வளவு எடம் வருதுன்னு தெரியும்."

யஹ்யா கீழே கிடந்தவர்களைப் பார்த்தான். முழங்காலை மடக்கி, ஒருவர் முதுகில் ஒருவர் மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தார்கள்.

"அண்ணாச்சி, அந்தப் பாறையும் ஹாலுக்குள்ளதான இருக்கு. அதுக்கும் சேத்தா கணக்குப் போட்டீய? அது எந்திரிச்சு எடம் குடுக்குமா?"

"பாறையப் பாக்கத்தான சார் ஆளுவ வாராங்க," என்றார் வல்லிநாயகம் கொஞ்சமும் அசராமல்.

மாடத்தி இதைக் கேட்டமாதிரி காட்டிக்கொள்ளவில்லை. அவள் மேல் ஹாலுக்கு ஏறிப் போய்க்கொண்டிருந்தாள்.

ரிஃபாத் பாறையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். அருவியில் குளித்த தலை காயாமல் சொட்டிக்கொண்டிருந்தது. மீசை இன்னும் சரியாக முளைக்காத முகம். அக்கா நிலோபரைக் கண்டதும் எழுந்தவன் மறுபடி உட்கார்ந்துவிட்டான்.

"லாத்தா, நீ எதுக்கு இங்கன வந்த? முடிஞ்சு போச்சு. நான்தான் செஞ்சேன்."

"ஏன் செஞ்ச?" என்று மாடத்தி பாயில் உட்கார்ந்தாள்.

"கோவம். பேப்பர்ல என் பேரப் போடல."

"நியாயமான கோவந்தான். சரி, எப்படி மாத்துன?"

அவன் அதற்குத் தயாராக இருந்தான். "ஃபைல்ல பெட்டியோட அளவு இருக்கும். நீளத்தையும் அகலத்தையும் கொறச்சுட்டேன். அப்ப ஒரு லிப்பிட்டுக்குக் கெடைக்க எடமும் கொறையும்."

"சரியாச் சொல்லுதானே ஏட்டம்மா," என்றான் யஹ்யா ஏமாற்றத்தோடு.

மாடத்தி அந்த ஹாலைச் சுற்றிப் பார்த்தாள். "தம்பி, இந்த ஹாலோட சுவர நாலு பக்கமும் உள்ள தள்ளி வச்சுருதேன்னு வச்சுக்கோ. பாய் எல்லாம் இருந்த எடத்துலயே இருக்கு. அப்ப ஓரத்துல படுத்தவன் எங்க கெடப்பான்?"



"செவுத்துக்கு வெளிய, சாரல்ல," என்றான் யஹ்யா.

"பெட்டிய மட்டும் கொறச்சா அணு எல்லாம் வெளிய பிதுங்கி நிக்கும், இல்லையா நிலோபர்? திருவனந்தபுரத்துக்காரங்க ஃபைலத் தொறந்ததும் அதத்தான் மொதல்ல கேட்டுருப்பாங்க."

"ஆமா அக்கா," என்றாள் நிலோபர். அவள் கண் ரிஃபாத்தை விட்டு நகரவில்லை.

"நீ எதையும் மாத்தல. மாத்துனதா ஏன் சொன்ன?" மாடத்தியின் குரல் இறங்கியது. "நான் ஒண்ணே ஒண்ணுதான் யோசிச்சேன். டிஸ்க்கு கெட்டுப்போச்சுன்னா யாருக்கு லாபம்? அறுபத்து மூணு பொய்யாயிரும். எழுபத்தொண்ணு நெசமாயிரும். எழுபத்தொண்ணு யாரோடது?"

ரிஃபாத் பாறையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். 

"லாத்தா மூணு வருசமா ஒறங்கல," என்றான் கடைசியில். "எங்க புரொபசர் சார் எப்பப் பாத்தாலும், என்னம்மா புதுசா ஒண்ணும் வரலையான்னு கேப்பாரு. அப்புறம் திடீர்னு எழுபத்தொண்ணு வந்துச்சு. திருவனந்தபுரத்துல அறுபத்து மூணுன்னு சொன்னதும் எனக்குத் தெரிஞ்சு போச்சு. பாவம், வேற வழி இல்லாம எழுதிட்டாப் போலன்னு..."

நிலோபர் எழுந்து நின்றாள்.

"நான் கள்ளக் கணக்கு எழுதுனேன்னு நெனச்சியா?"

"லாத்தா..."

"நீயா, ரிஃபாத்? நீ என்னயவா அப்படி நெனச்ச?"

அவனுக்காக அத்தனை தூரம் வந்தவள் அவனை அடிக்கப் போகிறாளோ என்று யஹ்யாவே நடுவில் போய் நின்றான். அவள் அடிக்கவில்லை. பாயில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். தன்னை நம்பவில்லையே என்ற கோபமும், தனக்காக இவன் இதைச் செய்தானே என்ற வேதனையும் ஒன்றாக வந்து அவளைத் திணற வைத்தன.

யஹ்யா மாடத்தியின் காதருகே குனிந்தான். "ஏட்டம்மா, இவன் செய்யல. இவளும் செய்யல. வேற எவனும் டிஸ்க்கத் தொடல. அப்ப ரெண்டு நம்பர் எப்படி வந்துச்சு? நாம யாரப் புடிக்க?"

மாடத்தி பாறையை அண்ணாந்து பார்த்தாள். பிறகு படிக்கட்டு வழியாகக் கீழ் ஹாலைக் குனிந்து பார்த்தாள். கீழே அது எவ்வளவு அகலம் என்று கண்ணாலேயே அளந்தாள்.

"நிலோபர், அழுகைய அப்புறம் வச்சுக்கோ. நீ எப்படிக் கணக்குப் போட்ட? வாயால சொல்லு."

"எங்க சீனியர் அனுசியா அக்கா எழுதுன ஸ்கிரிப்ட்டு, ஒரு குட்டி புரோகிராம்," என்றாள் அவள் மூக்கை உறிஞ்சியபடி. "எங்க லேப்ல எல்லாரும் அததான் ஓட்டுவோம். ஒரு வரி டைப் பண்ணா போதும், நம்பர் வந்துரும். அனுசியா அக்கா படிச்சு முடிச்சு அமெரிக்கா போயி ரொம்ப வருசம் ஆச்சு."

"அதுக்குள்ள என்ன இருக்குன்னு தொறந்து பாத்துருக்கியா?"

நிலோபர் திகைத்தாள். அந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. சீனியர் ஜூனியருக்குக் கொடுப்பது, அவர் அடுத்தவருக்குக் கொடுப்பது. திறந்து பார்ப்பது என்பது அனுசியா அக்காவை நம்பாததற்குச் சமம் என்று அந்த லேபில் எல்லாரும் நினைத்தார்கள்.

"அந்த அக்கா புரோட்டீன் வச்சு வேல பாத்தாளா?"

"இல்ல. அவங்க வெறும் சவ்வு மட்டுந்தான்..."

சொல்லும்போதே அவள் பேச்சு நின்றது. பையிலிருந்து லேப்டாப்பை எடுத்துத் திறந்தாள். அவசரத்தில் பாஸ்வேர்டு தப்பானது. மறுபடி அடித்தாள். பத்து வரிகூட இல்லாத ஸ்கிரிப்ட். பெட்டியின் நீளம், பெருக்கல் அகலம், வகுத்தல் ஓர் அடுக்கிலுள்ள லிப்பிட்டுகளின் எண்ணிக்கை. அவ்வளவுதான் இருந்தது.

"வல்லிநாயகம் அண்ணாச்சி கணக்கு," என்றான் யஹ்யா மெதுவாக. "பாறைக்கும் சேத்து வகுத்துருக்காங்க."

நிலோபர் டிஸ்க்கைச் செருகி, அதிலிருந்த ஃபைலில் புரோட்டீன் அடைத்துக்கொண்ட இடத்தைக் கணக்கிட்டாள். மொத்தப் பரப்பிலிருந்து கழித்தாள். மிச்சத்தை லிப்பிட்டுகளுக்கு வகுத்தாள். திரையில் வந்த நம்பரைப் பார்த்துவிட்டு லேப்டாப்பை மாடத்தியின் பக்கம் திருப்பினாள்.

அறுபத்து மூன்றுக்குச் சற்றே மேல்.

"திருவனந்தபுரத்துல வேற மாதிரி பிரிச்சுருக்காங்க," என்றாள் நிலோபர். "தரையத் துண்டு துண்டா வெட்டி, எந்தத் துண்டு யாருக்குப் பக்கமோ அவங்களுக்கே குடுத்துருதாங்க. புரோட்டீன் துண்டு புரோட்டீனுக்கே போயிரும். மேல அடுக்குல அது மெலிஞ்சு இருக்கும், கீழ அகலமா இருக்கும். ரெண்டையும் தனித்தனியாத்தான் பாக்கணும். இதெல்லாம் எனக்குத் தெரியும் அக்கா. பரிச்சையில கேட்டா எழுதியிருப்பேன். ஸ்கிரிப்ட்ட ஓட்டும்போது தோணவே இல்ல."

"டிஸ்க்குல இருக்கது?"

"அப்படியேதான் இருக்கு, அனுசியா அக்கா ஸ்கிரிப்ட்ட ஓட்டுனா இதுலயும் எழுபத்தொண்ணுதான் வருது. எவனும் தொடல."

"அப்ப லிப்பிட்டு அகண்டு நிக்குதுன்னு நீ சொன்னது?"

"எதுவும் அகலல." அவள் சிரிக்க முயன்றாள். "பாறைய ஒட்டிப் படுத்தவங்களுக்கு என்ன ஆச்சுன்னு தனியாப் பாத்தா ஏதாவது இருக்கலாம். மொத்தச் சராசரியில ஒண்ணும் இல்ல. என் கண்டுபிடிப்புன்னு ஒண்ணு இல்லவே இல்ல அக்கா."

மூன்று வருடம் அப்படிப் போய்விட்டது. அவளுக்கு ஆறுதலாக என்ன சொல்வதென்று மாடத்திக்குத் தெரியவில்லை. களவு கொடுத்தவர்களை அவள் எத்தனையோ தரம் தேற்றியிருக்கிறாள். களவே நடக்காமல் எல்லாவற்றையும் இழந்தவளை இப்போதுதான் பார்க்கிறாள்.

ஆனால் நிலோபர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்துவிட்டாள். "சாருக்குச் சொல்லணும். கமிட்டி கூடுறதுக்குள்ள சொல்லிட்டா ரிஃபாத் தப்பிச்சுருவான். என் பேப்பர் போனாப் போவுது."

"லாத்தா, வேண்டாம்," என்று ரிஃபாத் கையை நீட்டினான். அவள் கேட்கவில்லை. ஸ்பீக்கரைப் போட்டாள்.

பேராசிரியர் பரமசிவன் பொறுமையாகக் கேட்டார். இடையில் ஒரு தடவைகூடக் குறுக்கிடவில்லை. அவள் சொல்லி முடித்ததும் பெருமூச்சு விட்டார்.

"நல்ல காரியம் பண்ணுனம்மா. நீயே கண்டுபிடிச்சு நீயே சொல்லிட்ட. இது எல்லாரும் செய்யுற தப்புதான். நானும் பேப்பரப் படிச்சேன், எனக்கும் தோணல. கவலப்படாத. பத்திரிகைக்குத் திருத்தம் அனுப்பிருவோம். உன் பட்டத்துக்கு ஒண்ணும் ஆகாது. ஆறு மாசம் கூட வேல பாக்கணும், அவ்வளவுதான்."

நிலோபர் மாடத்தியைப் பார்த்தாள். முகம் முழுக்க மலர்ந்திருந்தது. யஹ்யா ரிஃபாத்தின் முதுகில் ஓங்கித் தட்டினான்.

"அப்ப ரிஃபாத் சார்? அவன் எதையும் மாத்தல. டிஸ்க்குல ஒண்ணும் இல்ல."



"அதுதாம்மா சங்கடம். கமிட்டி மத்தியானம்னு இருந்துச்சு, காலையிலயே கூட்டி முடிச்சுட்டாங்க. அவன் கையெழுத்துப் போட்டுக் குடுத்தத வச்சுத்தான் முடிவு எடுத்தாங்க. அவன நீக்கி ஆர்டர் போட்டாச்சு."

மாடத்தி போன் பக்கம் குனிந்தாள். "சார், நான் மாடத்தி, முன்னாடி சைபர் கிரைம்ல இருந்தேன். குற்றமே நடக்கலன்னு இப்ப நிரூபணம் ஆயிட்டே. அவன் எழுதுனத வாபஸ் வாங்கிக்கலாம்லா?"

"வாங்கலாம். வாங்குனா என்ன ஆவும்னு நீங்களே சொல்லுங்க. நான் மாத்தல, மாத்துனதாப் பொய் சொன்னேன்னு எழுதணும். நடக்காத ஒண்ண நடந்ததா விசாரணைக் கமிட்டி முன்னாடி எழுதிக் குடுத்தவன ஆராய்ச்சியில எப்படி வச்சுக்க முடியும்? வாபஸ் வாங்கலன்னா ஃபைல மாத்துனவன். வாங்குனா பொய் சொன்னவன். ரெண்டுக்கும் ஒரே ஆர்டர்தான்."

"அவன் அவளுக்காகச் சொன்னான் சார்."

"புரியுது. எனக்கும் மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. கணக்குல தப்புப் பண்ணா திருத்தம் போடலாம். இதுக்குத் திருத்தம்னு ஒண்ணு கெடையாதே."

"அப்ப என்னயும் நீக்கிருங்க சார்," என்று நிலோபர் கத்தினாள். கீழ் ஹாலில் படுத்திருந்தவர்கள்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

"நீ என்னம்மா தப்புப் பண்ணுன?" என்றார் அவர். அன்பாகத்தான் கேட்டார். பிறகு போன் துண்டிக்கப்பட்டது.

மாடத்தி சட்டம் தெரிந்தவள். யாரும் மிரட்டவில்லை, யாரும் அடிக்கவில்லை, அவனே போய் எழுதிக் கொடுத்திருக்கிறான். எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. திருடன் இருந்தால் பிடித்திருப்பாள். பொய்ச்சாட்சி இருந்தால் உடைத்திருப்பாள். இங்கே எல்லாரும் நல்லவர்களாக இருந்தார்கள், அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. 

ஏதாவது சொல்லுவான் என்று யஹ்யாவைப் பார்த்தாள். அவன் ஈரத் துண்டை எடுத்துப் பிழிந்துகொண்டிருந்தான். அது ரிஃபாத்தின் துண்டு.

வல்லிநாயகம் படியேறி வந்து எட்டிப் பார்த்தார். "பாய் வேணுமா, வேண்டாமா? வெளிய ஆளு நிக்கி."

 அவர் முகங்களைப் பார்த்துவிட்டு, வந்த வழியே இறங்கிப் போனார்.

ரிஃபாத் மட்டும் லேப்டாப் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தான். விரலால் அந்த நம்பரைத் தொட்டான்.

"லாத்தா."

அவள் நிமிரவில்லை.

"இது அந்த டிஸ்க்குல இருந்த ஃபைல் தானே? அவங்களுக்கும் இதே அறுபத்து மூணுதான வந்துச்சு?"

"ம்."

"அப்ப நான் ஒழுங்காத்தான் கொண்டு போய்ச் சேத்துருக்கேன்," என்றான். இரண்டு வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவன் முகம் தெளிந்தது. "குற்றாலத்துல குளிக்கப் போனப்பகூட பாலித்தீன் கவர்ல சுத்தி, கைலயே தூக்கிப் புடிச்சுட்டுத்தான் நின்னேன், லாத்தா. ஒரு சொட்டுத் தண்ணி படல."

நிலோபர் அந்த டிஸ்க்கை எடுத்து அவன் மடியில் வைத்தாள். வேறு கொடுக்க அவளிடம் ஒன்றும் இல்லை.